வாசகர் கேள்வி பதில்: தானியங்கி பில்ஜ் பம்ப் தகராறு செய்தால் எங்கே பார்ப்பது?

சிறு உல்லாசப் படகுகளின் அடிப்பள்ளத்தில் சேரும் தண்ணீரைத் தானாக வெளியேற்றும் 12 வோல்ட் பம்ப், அதாவது பில்ஜ் பம்ப், பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். கடிதங்களைப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. பம்ப் ஓடவில்லை என்றதும் எல்லோரும் முதலில் பம்பைத்தான் மாற்றுகிறார்கள். இந்த மோட்டார்கள் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. வயர், மிதவை சுவிட்ச் (தண்ணீர் ஏறியதும் மிதந்து எழும்பி பம்பை ஓடவைப்பது), ஹோஸ் இவற்றில்தான் குறை அதிகம். காசு செலவழிக்கும் முன் அவற்றைப் பாருங்கள்.

கே: 19 அடி ஃபைபர் போட் வைத்திருக்கிறேன். பேனலில் சுவிட்சைப் போட்டால் பம்ப் நன்றாக ஓடி, தண்ணீரும் வெளியே போகிறது. ஆனால் உள்ளே தண்ணீர் ஏறினால் தானாக ஓடுவதில்லை. கடைக்காரர் பம்பையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? (பினாங்கு வாசகர்)

ப: மாற்ற வேண்டாம். பேனல் சுவிட்சில் ஓடித் தண்ணீரும் போகிறது என்றால் மோட்டார், இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்), நெகட்டிவ் வயர், ஹோஸ் நான்கும் நலம். மிச்சம் இருப்பது ஒரே ஒரு பாதை. பேட்டரி பாசிட்டிவில் தொடங்கி, தனி ஃபியூஸ் வழியாக மிதவை சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து பம்புக்கு வரும் வயர். குறை அதில்தான் எங்கோ இருக்கிறது.

உங்களுடையது உள்ளே இன்ஜின் வைத்த பெட்ரோல் படகு என்றால், வயரில் கை வைக்கும் முன் மூடிகளைத் திறந்து, உள்காற்றை வெளியே தள்ளும் ப்ளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, மூக்கை வைத்தும் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. அது தேங்கும் இடமும் பம்ப் இருக்கும் அதே பள்ளம்தான். வாடை வந்தால் சோதனையே வேண்டாம்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். தானியங்கிப் பாதையின் வயர் மெயின் சுவிட்சைத் தொடாமல் நேராக பேட்டரி முனையிலிருந்து புறப்படும். படகைக் கட்டிவிட்டு மெயினை அணைத்துப் போன பிறகும் பம்ப் ஓட வேண்டும் என்பதற்காக இப்படி ஓர் ஏற்பாடு. பேட்டரி மாற்றுகிறவர்கள் தடித்த வயர்களை மாட்டிவிட்டு, இந்த மெல்லிய வயரை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தால் உங்கள் வேலை அங்கேயே முடிந்தது.

மாட்டியிருந்தால், மிதவைக் கையை விரலால் தூக்குங்கள். கூண்டுக்குள் இருக்கும் வகையானால் பக்கத்தில் சோதனைக் குமிழ் இருக்கும், அதைத் திருப்புங்கள். பம்ப் ஓடினால் மின்சாரத்தில் குறை இல்லை. மிதவையைத் தண்ணீர் தூக்கவில்லை. கூண்டின் கீழ்க்கண்கள் சேறும் முடியும் அடைத்திருக்கலாம், சுவிட்சை அளவுக்கு மேல் உயரத்தில் பொருத்தியிருக்கலாம், அல்லது மிதவைக்குள்ளேயே தண்ணீர் இறங்கி அது கனத்துப் போயிருக்கலாம்.

தூக்கியும் ஓடவில்லையா? மல்டிமீட்டரின் கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் ஃபியூஸின் இரு பக்கத்தையும் தொடுங்கள். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். குழல் வகை ஃபியூஸ் கூட்டில் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் துருப்பிடித்துத் தொடர்பு விட்டுப்போகும். ஃபியூஸ் மட்டும் புதிதாகப் பளபளக்கும். அடுத்து, மிதவை சுவிட்சுக்குள் போகும் வயரின் இணைப்பில் அளவெடுங்கள். அங்கே 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், சுவிட்சின் இரண்டு வயர்களையும் ஒரு துண்டு வயரால் ஒரு நொடி இணைத்துப் பாருங்கள். பம்ப் ஓடினால் சுவிட்ச் போய்விட்டது. ஓடாவிட்டால் சுவிட்சுக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு போய்விட்டது.

இங்கே மீட்டர் ஏமாற்றும் ஓர் இடம் இருக்கிறது. களிம்பேறிய இணைப்பில் ஓரிரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.5 காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே இழுப்பதில்லை. அதனால் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்துக் கருவிப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அது 1.75 ஆம்பியர் இழுக்கும். ஒரு சின்ன பம்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். பல்பு பளிச்சென்று எரிந்தால் அந்தப் பாதையை நம்பலாம். மங்கினால் பாதையில் எங்கோ எதிர்ப்பு இருக்கிறது.

புது மிதவை சுவிட்ச் வாங்கினால், அதன் ஆம்பியர் அளவு பம்பின் ஃபியூஸ் அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். அதன் அடித்தளம் பம்பின் அடித்தளத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். கீழே இருக்கவே கூடாது. காரணத்தைத் திருகோணமலை வாசகருக்கான பதிலில் சொல்கிறோம்.

தண்ணீர் இருப்பதைக் கண்டறியும் உணரி பம்புக்குள்ளேயே இருக்கும் வகையானால் அதைத் தனியாக மாற்ற முடியாது. அதற்காகவும் பம்பைத் தூக்கிப் போட வேண்டாம். பேனல் சுவிட்சுக்குப் போகும் வயரோடு வெளி மிதவை சுவிட்ச் ஒன்றை இணைத்து, பேட்டரியிலிருந்து வரும் வயரை அந்த சுவிட்சுக்குக் கொடுத்துவிட்டால் அதே பம்ப் மீண்டும் தானியங்கி ஆகிவிடும். பம்பின் பழைய தானியங்கி வயரை வெட்டி, நுனியை நீர் புகாமல் மூடிவிடுங்கள். எந்த நிறம் எந்த வேலைக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பம்போடு வந்த படத்தைப் பார்க்காமல் இணைக்காதீர்கள்.

கே: மோட்டார் சத்தம் நன்றாகக் கேட்கிறது, தண்ணீர் மட்டும் வருவதில்லை. படகை ட்ரெய்லரில் ஏற்றி இறக்கினால் சில நாள் சரியாக இருக்கிறது, பிறகு பழையபடி. ஏன்? (சிங்கப்பூர் வாசகர்)

ப: காற்று அடைப்பு. ட்ரெய்லரில் ஏறும்போது படகு சாய்கிறது, ஹோஸுக்குள் சிறைப்பட்ட காற்று நகர்கிறது, பம்ப் உயிர்பெறுகிறது.

இந்த பம்புகள் மையவிலக்கு வகை. இம்பெல்லர் தண்ணீரைச் சுழற்றி எறிந்துதான் அழுத்தம் உண்டாக்கும். காற்றைச் சுழற்றினால் அழுத்தம் ஒன்றும் வராது. ஹோஸ் பம்பிலிருந்து மேலே போய், நடுவில் ஓரிடத்தில் தொய்ந்து, மறுபடி மேலே போனால் அந்தத் தொய்வில் பழைய தண்ணீர் தங்கும். பம்ப் நின்ற பிறகு தண்ணீருக்கும் பம்புக்கும் இடையில் காற்று மாட்டிக்கொள்ளும். அடுத்த முறை அந்தக் காற்றைத் தள்ளி, தொய்விலுள்ள தண்ணீரையும் தூக்கும் வலு பம்புக்குக் கிடையாது.

தீர்வு ஹோஸின் பாதையில் இருக்கிறது. பம்பிலிருந்து வெளியேறும் வாய் வரை தொடர்ந்து ஏறுமுகமாக இருக்க வேண்டும். அரை மீட்டருக்கு ஒரு கிளிப் போட்டு இழுத்துக் கட்டுங்கள். மிச்சம் இருக்கும் ஹோஸைச் சுருட்டி வைக்காமல் வெட்டிவிடுங்கள். உட்புறம் வரிவரியாக இருக்கும் மலிவு ஹோஸைக் கழற்றிவிட்டு, உட்புறம் வழுவழுப்பானதைப் போடுங்கள்; வரிகள் ஓட்டத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன, அழுக்கையும் பிடித்து வைக்கின்றன. பம்புக்குப் பக்கத்தில் ஹோஸின் மேற்புறத்தில் 3 மில்லிமீட்டர் துளை போட்டுக் காற்றை வெளியேற்றுவோரும் உண்டு. பலன் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் உள்ளேயே பீச்சும். பாதையைத் திருத்த வழியே இல்லாத படகில் மட்டும் அதைச் செய்யலாம்.

ஏறுமுகமாக்கிய பிறகும் இதே கதை என்றால் இன்னும் சில இடங்கள் பார்க்க வேண்டும். வெளியேறும் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். ட்ரெய்லரில் நிற்கும் படகுகளில் இது சாதாரணம். ஹோஸ் எங்காவது கிழிந்து, இறைத்த தண்ணீர் திரும்ப உள்ளேயே விழலாம். பம்பை ஓடவிட்டு ஹோஸ் நெடுகக் கையால் தடவிப் பாருங்கள். அடுத்தது, பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருப்பது. சாதாரண பம்ப் அப்போதும் ஓடும், சத்தமும் அதேதான், ஆனால் இம்பெல்லர் எதிர்த்திசையில் சுற்றுவதால் தண்ணீர் நூலாகத்தான் வரும். பம்பை வடிகட்டி அடியிலிருந்து கழற்றி, ஒரு நொடி மட்டும் ஓடவிட்டு, சுற்றும் திசையை உடம்பில் போட்டிருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். மின்னணு உணரி உள்ள பம்பில் இப்படி மாற்றிக் கொடுத்திருந்தால் உணரியே எரிந்திருக்கலாம்.

ஆம்பியர் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். மையவிலக்கு பம்பின் வாய் அடைத்தால் மின்னோட்டம் ஏறும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இறங்கும். தண்ணீரை நகர்த்தும் வேலை இல்லாததால் மோட்டார் இலகுவாகச் சுற்றுகிறது. ஆகவே உடம்பில் எழுதியிருக்கும் அளவை விட வெகுவாகக் குறைந்தால் காற்று அல்லது அடைப்பு. கூடினால் இம்பெல்லரில் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது மோட்டார் தேய்ந்துவிட்டது.

கே: மணிக்கு 500 கேலன் இறைக்கும் பம்ப். 2.5 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போனது. 10 ஆம்பியர் போட்டேன், அதற்குப் பிறகு போகவில்லை. இப்படியே விடலாமா? குளிர்காலத்துக்கு வேறு ஏதாவது செய்ய வேண்டுமா? (டொரோண்டோ வாசகர்)

ப: விடவே கூடாது. இந்தப் பதிலைப் படித்ததும் போய் 10 ஆம்பியரைக் கழற்றுங்கள். இந்த ஃபியூஸ் காப்பது வயரை மட்டுமல்ல, இம்பெல்லர் பூட்டிக்கொண்டு நிற்கும் மோட்டாரையும்தான். சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைப் போலச் சில மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அது 2.5-ஐத் தாண்டும், ஆனால் 10-ஐத் தாண்டாமலே போகலாம். அப்போது ஃபியூஸ் உருகாது; சுருள் சூடேறி, பிளாஸ்டிக் உருகி, யாரும் இல்லாத படகில் தீப்பிடிக்க வழி உண்டாகும். பம்பின் உடம்பிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும் அளவுதான் ஃபியூஸ், அதற்கு மேல் அரை ஆம்பியர்கூட வேண்டாம்.

ஃபியூஸ் ஏன் போகிறது என்பதைக் கண்டுபிடிக்க, பம்பின் இரு பக்கமும் உள்ள பிடிகளை அமுக்கி உடம்பை அடியிலிருந்து தூக்குங்கள். ஃபியூஸைக் கழற்றிய பிறகே விரலை உள்ளே விடுங்கள். தூண்டில் தங்கூசி (நைலான் இழை), பைன் ஊசியிலைகள், வெட்டிப் போட்ட கேபிள் டையின் நுனி, பாட்டில் லேபிள் இவைதான் வழக்கமாகக் கிடைக்கும். தங்கூசி இம்பெல்லருக்குப் பின்னால் தண்டைச் சுற்றி இறுக்கியிருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. சுற்றியிருந்த தங்கூசி, தண்டின் சீலையும் அறுத்திருக்கக் கூடும். எடுத்த பிறகும் ஃபியூஸ் போனால் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அப்போது மட்டும் புது பம்ப் வாங்குங்கள். அதற்கு முன் வயர் எங்காவது கூரான விளிம்பில் உரசித் தோல் உரிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் படகைக் கரையேற்றி, அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றிப் பத்திரமாக ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பம்பைக் கழற்றி உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். அரை குவளைத் தண்ணீர் உறைந்து விரிந்தாலே இம்பெல்லர் கூடு விரிசல் விடும். ஹோஸின் தாழ்ந்த இடத்தை வடிக்க முடியாவிட்டால், பொழுதுபோக்கு வாகனங்களுக்கு விற்கும் இளஞ்சிவப்பு நிற புரோப்பிலீன் கிளைக்கால் திரவத்தை ஊற்றுங்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு; வசந்தத்தில் அது ஏரிக்குத்தான் போகும்.

இன்னொன்று. கனடாவின் சிறு கலங்களுக்கான விதிப்படி, தானியங்கி பம்ப் இருக்கிறது என்பதால் கையால் இறைக்கும் பாத்திரத்தை விட்டுவிட முடியாது. பாத்திரமோ கைப் பம்போ படகில் இருக்க வேண்டும். பாத்திரம் குறைந்தது 750 மில்லிலிட்டர் கொள்ள வேண்டும், வாய் 65 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

கே: கடும் மழைக்குப் பிறகு இரண்டு நாளில் 100 ஆம்பியர்-மணி பற்றரி முற்றாக இறங்கிவிட்டது. பம்ப் 500 கலன் வகை. மெயின் சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தேன். மழைத் தண்ணீரை இறைத்தே பற்றரி முடிந்திருக்குமா? (திருகோணமலை வாசகர்)

ப: இருக்காது. கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் படகின் திறந்த பரப்பு 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்று கொள்வோம். 10 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். 500 அமெரிக்க கேலன் என்பது மணிக்கு சுமார் 1,900 லிட்டர். ஹோஸ், உயரம் எல்லாம் கழித்தால் 1,200 லிட்டர் என்று வையுங்கள். 50 நிமிட ஓட்டம். பம்ப் இழுப்பது சுமார் 2 ஆம்பியர். ஆக 1.7 ஆம்பியர்-மணி. வாடைக்காற்றுப் பருவத்தின் பெருமழை 300 மில்லிமீட்டர் கொட்டினாலும் 5 ஆம்பியர்-மணிதான். நல்ல பற்றரிக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் 2 ஆம்பியர் 48 மணி நேரம் ஓடினால் 96 ஆம்பியர்-மணி. உங்கள் பற்றரியின் முழுக் கொள்ளளவே அதுதான். பம்ப் நிற்காமல் ஓடியிருக்கிறது. மெயினை அணைத்த பிறகும் ஓடியது குறை அல்ல. அப்படித்தான் இருக்க வேண்டும். நிற்காமல் போனதுதான் குறை.

ஏன் நிற்கவில்லை? மூன்று காரணங்கள் உண்டு, அவற்றில் முதலாவதைத்தான் நாங்கள் பெரிதும் சந்தேகிக்கிறோம். மிதவை சுவிட்ச் பம்பை விடத் தாழ்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். பம்ப் தன்னால் உறிஞ்ச முடிந்த மட்டம் வரை இறைத்துவிடும். அதற்குக் கீழே நிற்கும் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீரில் மிதவை இன்னும் மிதந்துகொண்டிருக்கும். சுவிட்ச் மூடியபடியே, பம்ப் காற்றைச் சுழற்றியபடியே, பற்றரி தீரும் வரை. தண்ணீர்தான் அந்த பம்பின் சீலுக்குக் குளிர்ச்சி. ஆகவே பம்பும் சேர்ந்து கெடும். அளவுகோலை வைத்து இரண்டின் அடித்தளத்தையும் ஒப்பிடுங்கள். சுவிட்ச் தாழ்வாக இருந்தால் அடியில் பிளாஸ்டிக் பலகைத் துண்டு வைத்து உயர்த்துங்கள். மரத்துண்டு ஊறி உளுத்துவிடும்.

இரண்டாவது, மிதவைக் கையின் கீழ் கந்தல் துணியோ வலைத்துண்டோ சிக்கி அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். மிதவையே இல்லாத மின்னணு உணரியானால் அதன் முகத்தில் படிந்த எண்ணெய்ப் பசை தண்ணீர் இன்னும் இருப்பதாகக் காட்டும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போதும்; பெட்ரோல், தின்னர் தொடக் கூடாது. மூன்றாவது, படகிலேயே ஓட்டை. இதைச் சோதிக்க அடிப்பள்ளத்தைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, டிஷ்யூ தாளை நீளமாக விரித்து, படகை நீரில் விட்டபடி ஓர் இரவு பொறுங்கள். எந்தத் தாள் எங்கிருந்து நனைகிறதோ அந்தத் திசையில் தேடுங்கள். வடிகால் திருகின் வாஷர், அவுட்போர்டைத் தாங்கும் பின்பலகையின் போல்ட் துளைகள், மேல்தள வடிகால் ஹோஸின் கிளாம்ப் இவைதான் முதல் சந்தேகத்துக்குரியவை.

சில தானியங்கி பம்புகளில் மிதவையே கிடையாது. இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நொடி சுற்றிப் பார்த்து, சுமை தெரிந்தால் மட்டும் தொடர்ந்து ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பற்றரி போய்விடும் என்று பயப்பட வேண்டாம். நாளுக்கு 576 தடவை, தலா ஒரு நொடி, 2 ஆம்பியர்: மொத்தம் 0.32 ஆம்பியர்-மணி.

ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழ் இறக்கினாலே அதன் ஆயுள் குறையும். முழு மின்னேற்றம் செய்து சில மணி நேரம் ஓய்வில் வைத்து அளந்தால் 12.6-க்கு மேல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பற்றரியையும் மாற்றத்தான் வேண்டும்.

கே: எங்கள் படகில் பம்ப் ஐந்து நொடி ஓடும், நிற்கும், அரை நிமிடத்தில் மறுபடி ஓடும். நாள் முழுக்க இதே. தண்ணீரைத் திரும்ப விடாத செக் வால்வு போட்டால் தீரும் என்கிறார்கள். (கொச்சியில் வசிக்கும் வாசகர்)

ப: பம்ப் நின்றதும் ஹோஸில் இருக்கும் தண்ணீர் திரும்ப இறங்கி மிதவையைத் தூக்குகிறது. 29 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 3 மீட்டர் ஹோஸில் ஏறக்குறைய 2 லிட்டர் நிற்கும். அகலமான அடிப்பள்ளத்தில் அது ஒன்றுமில்லை. குறுகிய வி வடிவப் பள்ளத்தில் மட்டத்தை நன்றாகவே உயர்த்திவிடும்.

செக் வால்வு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சின்னத் துகள் ஒன்று மாட்டினால் அது திறக்கவும் மறுக்கும், மூடவும் மறுக்கும். மேலே நிற்கும் நீர்த்தூணையும் காற்றையும் சேர்த்துத் தள்ளித் திறக்க பம்பால் முடியாமல் போகும். ஒழுங்காக வேலை செய்யும்போதும் ஓட்டத்தைக் குறைக்கும். தேவையான நேரத்தில் கழுத்தறுக்கும் உறுப்பை உயிர்காக்கும் குழாயில் வைப்பது சரியல்ல.

மிதவையை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயர்த்துங்கள். ஹோஸைச் சுருக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இரண்டு பம்ப் முறை நல்லது: பள்ளத்தின் அடியில் 19 மில்லிமீட்டர் ஹோஸோடு ஒரு சின்ன பம்ப், அதே 3 மீட்டருக்கு அதில் 0.85 லிட்டர்தான் திரும்பும். அதற்கு 10 சென்டிமீட்டர் மேலே பெரிய பம்ப், தனி மிதவை, தனி ஃபியூஸ், தனி ஹோஸ். அன்றாடக் கசிவைச் சின்னது பார்த்துக்கொள்ளும், பெரியது ஆபத்துக்கு மட்டும்.

நாள் முழுக்க என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இன்னொன்றையும் பாருங்கள். வெளியேறும் வாய் தண்ணீருக்குள் மூழ்குகிறதா? ஆள் ஏறிப் பின்பக்கம் அழுந்தும்போதோ பாய்ப்படகு சாயும்போதோ வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போனால், பம்ப் நின்றதும் கடலே உறிஞ்சுகுழாயாக உள்ளே வரத் தொடங்கும். முழுச் சுமையில் நீர்மட்டத்துக்கு 20 சென்டிமீட்டராவது மேலே வாய் இருக்க வேண்டும். பாய்ப்படகில் ஹோஸை மேலே வளைத்துக் கொண்டுபோய், உச்சியில் காற்று புகும் வால்வுள்ள வளைவு வைத்து, பிறகு இறக்குங்கள்.

கே: இணைப்புகளை இன்சுலேஷன் டேப் சுற்றித்தான் வைத்தேன். சில மாதங்களிலேயே பச்சை பூத்துவிட்டது. (புதுச்சேரி வாசகர்)

ப: டேப் தண்ணீரைத் தடுப்பதில்லை, பிடித்து வைக்கிறது. பச்சைக் களிம்பு ஒரு இடத்தில் தோன்றினால் வயரின் இழைகளுக்கு நடுவே உப்புநீர் உறிஞ்சப்பட்டு உள்ளேயும் ஓடியிருக்கும். தோலைச் சீவிக்கொண்டே போங்கள். கறுப்பு மாறிச் செம்பு பளபளக்கும் இடம் வரை வெட்டித் தள்ளுங்கள்.

வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு வயர் வாங்குங்கள். வீட்டு ஒயரிங் வயர் வேண்டாம். வயர் நுனிகளை இணைக்கும் பட் கனெக்டரை ராச்செட் வகைக் கிரிம்பரால் (அமுக்கும் இடுக்கி) அமுக்கி, இழுத்துப் பார்த்து, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி மூடுங்கள். சூடாகும்போது இரு முனையிலும் பசை கசிந்து வளையமாக நிற்க வேண்டும். அதுதான் நீர் புகாது என்பதற்கு அடையாளம். அந்த இணைப்பைப் பள்ளத்தில் கிடக்கவிடாமல், பம்போடு வரும் வயர் நீளம் அனுமதிக்கும் அளவுக்கு உயரே கொண்டுபோய்க் கட்டுங்கள். இணைப்புக்கு முன்னால் வயரைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

வயர் பருமனும் முக்கியம். பேட்டரியிலிருந்து பம்ப் 6 மீட்டர் தூரம் என்றால் போக வர 12 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 4 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.35 வோல்ட்டோடு நிற்கும். ஃபியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அமெரிக்காவின் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி-யின் தரவிதி சொல்லும் தூரம் 7 அங்குலம், அதாவது சுமார் 18 சென்டிமீட்டர்.

கே: 1100 கேலன் என்று எழுதிய பம்ப் 20 அடிப் படகுக்குப் போதுமா? (சென்னை வாசகர்)

ப: அந்த எண் ஹோஸே இல்லாமல், தண்ணீரை ஒரு அங்குலம்கூட உயர்த்தாமல், 13.6 வோல்ட் கொடுத்து அளந்தது. 1100 என்பது 4,160 லிட்டர். ஒரு மீட்டர் உயரம், 3 மீட்டர் ஹோஸ், 12 வோல்ட் பேட்டரி என்று வந்தால் பாதி கிடைத்தாலே நல்லது என்று எண்ணி வாங்குங்கள். மழை, தூவானம், சின்னக் கசிவு இவற்றுக்கு அது தாராளம்.

ஓட்டை விழுந்தால்? நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் துளை ஒன்றிருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 43 லிட்டர், மணிக்கு 2,500 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். ஒரு ஹோஸ் கழன்றால் உண்டாகும் துளை அவ்வளவுதான். உங்கள் பம்ப் அதோடு மல்லுக்கட்டும், ஜெயிக்காது. அதனால் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள ஒவ்வொரு துளைக்கும் அளவான கூம்பு வடிவ மென்மரக் கட்டையைப் பக்கத்திலேயே கயிற்றால் கட்டி வையுங்கள். பம்ப் வாங்கித் தரும் நேரத்தில் அதை அடித்து அடைக்க வேண்டியது உங்கள் கை.

கே: பள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் சேர்கிறது. சோப்பு ஊற்றி பம்பை ஓடவிடலாமா? (சிட்னி வாசகர்)

ப: கூடாது. சோப்பு எண்ணெயை அழிப்பதில்லை. துளித்துளியாக உடைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கலக்கிறது, அவ்வளவே. எண்ணெய் மட்டும் உறிஞ்சும் வெள்ளைத் துணிப்பட்டைகள் கடல்சார் கடைகளில் கிடைக்கும். ஒன்றிரண்டை இன்ஜின் அடியில் விரித்து, பம்பின் வாயில் போய் அடைக்காதபடி கட்டி வையுங்கள். கசிவு நிற்கும் வரை தானியங்கிப் பாதையை அணைத்துவிட்டுக் கையால் இறைத்து டப்பாவில் பிடித்துக் கொடுப்பதே முறை, ஆனால் அந்த நாட்களில் படகை ஆளில்லாமல் தண்ணீரில் விடாதீர்கள்.

கே: பம்ப் வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்வது? படகில் இருக்கும்போதே அது செத்துவிட்டால் எப்படித் தெரியும்? (மட்டக்களப்பு வாசகர்)

ப: மிதவையை விரலால் தூக்குவது பாதிச் சோதனைதான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இரண்டு வாளித் தண்ணீரைப் பள்ளத்தில் ஊற்றுங்கள். தானாக ஓட வேண்டும், வெளிவாயில் முழுக் குழாய்த் தடிமனில் தண்ணீர் பாய வேண்டும், தானாக நிற்கவும் வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். படகைத் தண்ணீரில் விட்டு ஊருக்குப் போகும் முன் கட்டாயம். அதே நேரத்தில் வடிகட்டி அடியையும் கழற்றிக் கழுவிவிடலாம்.

படகில் இருக்கும்போது தெரிய வேண்டுமானால் எச்சரிக்கை மணி வையுங்கள். பம்பின் மிதவைக்கு 10 சென்டிமீட்டர் மேலே இன்னொரு மிதவை சுவிட்ச். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ், பிறகு அந்த சுவிட்ச், பிறகு ஸ்டியரிங் பக்கத்தில் 12 வோல்ட் பஸ்ஸர், அங்கிருந்து நெகட்டிவ். பம்பின் ஃபியூஸிலிருந்து இதற்கு வயர் எடுக்காதீர்கள். அந்த ஃபியூஸ் போன நாளில்தான் மணி அடிக்க வேண்டும். இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்கும் பஸ்ஸராக, 100 டெசிபெலுக்குக் குறையாததாகப் பார்த்து வாங்குங்கள்.